உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக ஓர் ஊருக்குக் குடிபோகும் பெற்றோர், வீடு கிடைப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி, "இங்கே எந்தப் பள்ளி நல்ல பள்ளி?" என்பதுதான். பதிலுக்குப் பஞ்சமே இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றைச் சொல்வார், கூட வேலை பார்ப்பவர் இன்னொன்றைச் சொல்வார், இணையத்தில் ஒரு ரேங்க் பட்டியல் மூன்றாவதைச் சொல்லும். எதைச் சொன்னாலும், பெரும்பாலும் மதிப்பெண் எங்கே அதிகம் என்பதை வைத்துத்தான் சொல்வார்கள்.

என் மகளுக்குப் பள்ளி தேடியபோது நானும் அப்படித்தான் தேடினேன். பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்த ஒரு பள்ளியை, வாசலைக்கூட மிதிக்காமல் தள்ளிவிட்டேன். எதிர்வீட்டுப் பையன் அங்கேதான் சேர்ந்தான். சேரும்போது எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுவான். இரண்டு வருடம் கழித்து ஒரு மாலை, எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து என் மகளுக்குக் கதைப் புத்தகம் ஒன்றை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அன்று இரவே அந்தப் பள்ளியின் விவரங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவர்கள், வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் என்று அங்கே ஏராளமான பிள்ளைகள். அவர்களை வைத்துக்கொண்டுதான் அந்தப் பள்ளி அந்த மதிப்பெண்ணை எடுத்திருந்தது. எண்கள் எல்லாம் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தன. எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண் முதலில் காட்டுவது அங்கே யார் சேர்கிறார்கள் என்பதை. சேர்ந்த பிள்ளைக்குப் பள்ளி என்ன செய்தது என்பதை அறிய, அதே எண்களை வேறு விதமாகப் புரட்ட வேண்டும். அதற்கு ஒரு நோட்டும் சில மாலை நேரங்களும் போதும்.

ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசுப் பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளி. இங்கிலாந்தில் அதே பெயர் கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளிகளைக் குறிக்கும். இந்தியாவிலும் பெயரில் 'பப்ளிக்' வைத்திருக்கும் பல பள்ளிகள் தனியாருடையவை. தகவல் தேடும்போது இந்தக் குழப்பத்தில் பலரும் மாட்டுகிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்வது அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளைத்தான்.

முதல் படி: எந்தப் பிள்ளைக்கு, எந்த எல்லைக்குள்?

'நல்ல பள்ளி' என்று தேடினால் தேடல் முடியவே முடியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தரும் பள்ளியும், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அறிவியல் ஆய்வகம் வைத்திருக்கும் பள்ளியும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பு, பயிற்று மொழி, கூடுதல் உதவி தேவையா, எவ்வளவு தூரம் போய்வர முடியும் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்து சேர்க்கை எல்லை. பல நாடுகளில் வீட்டு முகவரிதான் பள்ளியை முடிவு செய்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாவட்டங்களில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வரைபட எல்லை உண்டு. இங்கிலாந்தில் விண்ணப்பம் அதிகமாக வரும் பள்ளிகள் பெரும்பாலும் தூரத்தைப் பார்த்து இடம் தருகின்றன. எல்லைக்கோடு தெருவின் நடுவில் ஓடி, இந்தப் பக்கத்து வீடு ஒரு பள்ளிக்கும் எதிர்ப்பக்கத்து வீடு இன்னொரு பள்ளிக்கும் போவது உண்டு. ஆகவே சேர முடியாத பள்ளியை ஆராய்ந்து நேரத்தைக் கரைக்காதீர்கள். சேர முடிந்தவை நான்கிலிருந்து ஆறு வரை போதும்.

பட்டியல் எழுதும்போது பள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் அதன் அடையாள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று பள்ளிகள் இருப்பது சாதாரணம், ஒன்றின் மதிப்பெண்ணை இன்னொன்றின் கணக்கில் எழுதிவிடுவதும் சாதாரணம். இந்தியாவில் இது 11 இலக்க யூடைஸ் எண், அதாவது மத்திய அரசின் பள்ளித் தகவல் தொகுப்பில் ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள எண். இங்கிலாந்தில் 6 இலக்கம். அமெரிக்காவில் கூட்டாட்சிக் கல்விப் புள்ளிவிவர மையம் தரும் 12 இலக்க எண்.

இரண்டாம் படி: விவரங்களை எடுப்பது

அரசு வெளியிடும் மூலத்துக்கே நேராகப் போங்கள். வீடு விற்கும் தளங்கள் பள்ளிக்குப் பத்துக்கு எட்டு, பத்துக்கு நான்கு என்று போடும் மதிப்பு, பெரும்பாலும் அதே அரசுத் தரவை எதையோ கூட்டிக் கழித்துச் செய்ததுதான். எதைக் கூட்டினார்கள் என்பது தெரியாத எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

எது எங்கே கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் 2010-இல் தொடங்கிய 'மை ஸ்கூல்' தளத்தில் நாடு முழுக்க நடக்கும் நாப்லான் தேர்வில் ஒவ்வொரு பள்ளியின் முடிவு, வருகை, வரவு செலவு, பிள்ளைகளின் குடும்பப் பின்னணி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அமெரிக்காவில் 2015-இல் வந்த கல்விச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் பள்ளிவாரியாக ரிப்போர்ட் கார்டு வெளியிட வேண்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு நடப்பதால் தரவு நிறையவே கிடைக்கும். இங்கிலாந்தில் கல்வித் துறையின் ஒப்பீட்டுத் தளமும், பள்ளிகளை நேரில் போய் ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பின் அறிக்கைகளும் இருக்கின்றன.

இந்தியாவின் யூடைஸ் தளம் வேறு மாதிரி. எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை வகுப்பறைகள், கழிப்பறை, குடிநீர், நூலகம் இருக்கிறதா என்பதையெல்லாம் சொல்லும். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதை அதில் தேட முடியாது. அதற்குப் பொதுத்தேர்வு முடிவையும் பள்ளியிடமே கேட்டு வாங்கும் விவரத்தையும்தான் நம்ப வேண்டும். 2005-இலிருந்து வரும் 'அசர்' ஆய்வைச் சிலர் இதற்குப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். அது கிராமப்புறப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சோதிப்பது, தனித்தனிப் பள்ளியைப் பற்றி எதுவும் சொல்லாது. பல நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா ஆய்வும் அப்படித்தான். நாடுகளை ஒப்பிட அது பயன்படும், இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளியை ஒப்பிட உதவாது.

மூன்றாம் படி: மதிப்பெண்ணை மூன்று ஆண்டுக்குப் பாருங்கள்

ஒரே ஆண்டின் முடிவை வைத்து எதையும் சொல்லாதீர்கள், முக்கியமாகச் சிறிய பள்ளிகளைப் பற்றி. 20 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை என்பது 5 சதவீதம். பொதுவாக 80 சதவீதம் தேர்ச்சி பெறக்கூடிய அப்படியொரு பள்ளி, ஆசிரியர் மாறாமல், பாடம் மாறாமல், எதுவுமே மாறாமல் ஒரு வருடம் 65-க்கு இறங்கி மறு வருடம் 95-க்கு ஏறலாம். அந்த வருடம் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதிலேயே அந்த வித்தியாசம் வந்துவிடும். 200 பேர் எழுதும் பள்ளியில் இந்த ஆட்டம் வெகுவாகக் குறையும். பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே மூன்று ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள். சேர்ப்பது என்றால் சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுப்பது கிடையாது. மூன்று ஆண்டிலும் எழுதியவர்கள் மொத்தம் எத்தனை, தேறியவர்கள் மொத்தம் எத்தனை என்று கூட்டி, அப்புறம் சதவீதம் போடுங்கள். இரண்டு பள்ளிகளுக்கு நடுவே 3, 4 சதவீதம்தான் வித்தியாசம் என்றால் அவற்றைச் சமம் என்றே எழுதிக்கொள்ளலாம்.

தேர்ச்சி விகிதத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். தேர்ச்சி மதிப்பெண் 35 என்றால், 34 எடுத்தவரை 36-க்கு ஏற்றும் பள்ளிக்கு விகிதம் கூடும். 50 எடுத்தவரை 80-க்கு ஏற்றிய பள்ளிக்கு விகிதத்தில் ஒன்றுமே தெரியாது. எத்தனை பேர் எந்த மதிப்பெண் வரம்பில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 2023-இலிருந்து முடிவுகளை நான்கு நிலைகளாகப் பிரித்துத் தருகிறார்கள், அது வசதி. எங்கேயும் கிடைக்காவிட்டால் பள்ளி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பல தலைமையாசிரியர்கள் இந்தப் பட்டியலைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள், கேட்க ஆள் இல்லாததால்தான் காட்டுவதில்லை.

நான்காம் படி: நிகரானவர்களோடு ஒப்பிடுங்கள்

ஒப்பீட்டின் உயிர்நாடி இந்தப் படிதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

1966-இல் அமெரிக்க அரசுக்காக ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 6 லட்சம் மாணவர்கள், ஏறத்தாழ 4,000 பள்ளிகள். கட்டடம், புத்தகம், செலவு என்று பள்ளிக்குப் பள்ளி இருந்த வேறுபாட்டைவிடப் பிள்ளையின் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப் போகிறது என்று அது காட்டியது. அதன் பொருள் குறித்து இன்றுவரை வாதம் நடக்கிறது. ஆனால் பள்ளியின் சராசரியில் குடும்பத்தின் பங்கு கலந்தே வருகிறது என்பதை இந்தத் துறையில் யாரும் மறுப்பதில்லை.

கற்பனையாக இரண்டு பள்ளிகளை வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் நூறு நூறு பிள்ளைகள். 'அ' பள்ளியில் 80 பேர் வீட்டில் படிப்புக்கு உதவி கிடைக்கும் பிள்ளைகள், 20 பேர் உதவி கிடைக்காதவர்கள். முதல் வகையில் 72 பேர் தேர்ச்சி, அதாவது 90 சதவீதம். இரண்டாம் வகையில் 8 பேர் தேர்ச்சி, 40 சதவீதம். மொத்தம் 80.

'ஆ' பள்ளியில் உதவி கிடைக்கும் பிள்ளைகள் 30 பேர்தான். அவர்களில் 28 பேர் தேர்ச்சி, 93 சதவீதம். உதவி கிடைக்காதவர்கள் 70 பேர். அவர்களில் 42 பேர் தேர்ச்சி, 60 சதவீதம். மொத்தம் 70.

ரேங்க் பட்டியலில் 'அ' மேலே, 'ஆ' பத்து சதவீதம் கீழே. இப்போது உங்கள் பிள்ளையை இதில் வைத்துப் பாருங்கள். அவன் எந்த வகையாக இருந்தாலும் சரி, 'ஆ' பள்ளியின் கணக்கே அவனுக்குச் சாதகம். உதவி கிடைக்காத வீட்டுப் பிள்ளை என்றால் வித்தியாசம் 20 சதவீதம். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இது படவே படாது. புள்ளியியலில் இதை சிம்ப்சன் முரண் என்பார்கள். ஒரு தாளில் இந்த நான்கு எண்களை நீங்களே ஒருமுறை எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒருமுறை செய்தவர் அப்புறம் ரேங்க் பட்டியலைப் பழைய கண்ணோடு பார்க்க மாட்டார்.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? அரசுத் தளத்தில் குடும்ப வருமானம், வீட்டு மொழி, மாற்றுத்திறன், ஆண் பெண் என்று பிரித்துத் தரப்பட்டிருந்தால் உங்கள் பிள்ளைக்கு நெருக்கமான வரிசையை மட்டும் எல்லாப் பள்ளிகளுக்கும் எடுத்து எழுதுங்கள். ஆஸ்திரேலியாவில் இன்னும் சுலபம். அங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் இக்சியா என்று ஒரு பின்னணி எண் உண்டு, நடுவளவு 1,000. பெற்றோரின் படிப்பு, தொழில், பள்ளி இருக்கும் இடம் போன்றவற்றை வைத்துப் போடும் எண் அது. 1,000-க்கு மேலே போகப் போகப் பிள்ளைகளின் குடும்ப வசதி கூடுதல் என்று பொருள், பள்ளியின் தரத்துக்கான மதிப்பெண்ணாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். 1,120 என்று பார்த்ததும் 'ஆகா, நல்ல பள்ளி' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒத்த பின்னணி கொண்ட பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளி எங்கே நிற்கிறது என்று அதே தளம் காட்டுகிறது. பார்க்க வேண்டியது அதை.

இப்படிப் பிரித்த தரவு எதுவும் கிடைக்காத இடங்களில், ஏறத்தாழ ஒரே மாதிரி குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் பள்ளியை, வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் பள்ளியோடு ஒரே பட்டியலில் வைக்கவே வேண்டாம்.

ஐந்தாம் படி: வளர்ச்சி

நிகரானவர்களோடு ஒப்பிட்டபின் அடுத்த கேள்வி: உள்ளே வந்தபோது எங்கே இருந்த பிள்ளை, வெளியே போகும்போது எங்கே இருக்கிறான்?

இங்கிலாந்தில் இதற்கு 2016-இலிருந்து 'புரோகிரஸ் 8' என்று ஓர் அளவு இருக்கிறது. 11 வயதில் ஒரு மாணவர் எடுத்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். நாடு முழுக்க அதே அளவு எடுத்தவர்கள் 16 வயதில் எட்டுப் பாடங்களில் சராசரியாக எங்கே வந்தார்கள் என்று பார்த்து, இவர் அதற்கு மேலேயா கீழேயா என்று கணக்கிடுவார்கள். பள்ளியின் எண் 0 என்றால் நாட்டுச் சராசரி. கூட்டல் 0.5 என்றால் பாடத்துக்கு அரை கிரேடு கூடுதல். கொரோனாவால் 2020, 2021-இல் 11 வயதுத் தேர்வு நடக்கவில்லை, அதனால் 2025, 2026 முடிவுகளுக்கு இந்த எண் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளுடையதை எடுத்துப் பாருங்கள், ஆனால் அது பழசு என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பல மாநிலங்களும் 'குரோத்' என்ற தலைப்பில் இதைத் தருகின்றன. அடைந்த மதிப்பெண்ணும் வளர்ச்சியும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டாமல் போகலாம் என்பதற்கு சிகாகோ நகரம் நல்ல உதாரணம். அந்த நகரப் பள்ளிகளின் சராசரி நாட்டுச் சராசரிக்குக் கீழே. ஆனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் அந்தப் பிள்ளைகள் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ ஆறு ஆண்டுக்குரிய வளர்ச்சியைக் காட்டினார்கள்.

வளர்ச்சி எண்ணே கிடைக்காத ஊரில் ஒரு எளிய வழி இருக்கிறது. இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு எழுதியவர்கள் மூன்று ஆண்டுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் எப்படி எழுதினார்கள் என்று தேடி, பக்கத்துப் பள்ளியின் அதே இரண்டு எண்களோடு வைத்துப் பாருங்கள். இடையில் சேர்ந்தவரும் போனவரும் இருப்பார்கள் என்பதால் இது துல்லியமான கணக்கு கிடையாது. ஆனாலும் எந்தப் பள்ளியில் பிள்ளைகள் முன்னே நகர்கிறார்கள், எங்கே தேங்கி நிற்கிறார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஏற்கனவே 95 எடுக்கும் பிள்ளைகள் ஏறுவதற்கு இடமே இல்லை, அப்படிப்பட்ட பள்ளியில் வளர்ச்சி குறைவாகத் தெரிவதைக் குறையாக எண்ண வேண்டாம்.

ஆறாம் படி: யார் கணக்கில் வரவில்லை?

நூறு சதவீதத் தேர்ச்சி என்று பலகை வைத்த பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். 'ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள்?' 120 பேர் 90 ஆகி, அந்த 90 பேரும் தேறியிருந்தால், ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் தேறியது 75 சதவீதம்தான். மீதி 30 பேர் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்லியும் அனுப்பியிருக்கலாம். உங்கள் பிள்ளை படிப்பில் சற்றுத் தடுமாறுகிறவன் என்றால் இந்த ஒரு பதில் மற்ற எல்லா எண்ணையும்விட முக்கியம்.

வருகையையும் பாருங்கள். பல அமெரிக்க மாநிலங்கள், பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளைத் தனியாக எண்ணிச் சொல்கின்றன. சராசரி வருகை 93 சதவீதம் என்றால் நன்றாகத்தான் தெரியும். அதற்குள்ளேயே கணிசமான பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு நாள் காணாமல் போய்க்கொண்டிருக்கலாம்.

மதிப்பெண் ஒரே வருடத்தில் திடீரென்று எகிறியிருந்தால் மகிழ்வதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். புதுத் தலைமையாசிரியர் வந்து நிஜமாகவே மாற்றியிருக்கலாம். வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அட்லாண்டா நகரப் பள்ளிகளில் மதிப்பெண் உயர்வு நாடே பாராட்டும் அளவுக்குப் போனது. 2011-இல் மாநில அரசின் விசாரணை அறிக்கை வந்தபோது, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் விடைத்தாளைத் திருத்தியது உள்ளிட்ட மோசடியில் சம்பந்தப்பட்டிருந்ததாக அதில் சொல்லப்பட்டது. ஒரே எண்ணில் எல்லோருடைய வேலையும் தொங்கும்போது அந்த எண்ணே கெட்டுப்போகிறது. வேல்ஸ் 2001-இல் பள்ளி ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. சிங்கப்பூர் 2012-இல் பள்ளிகளைத் தேர்வு முடிவால் அடுக்குகளாகப் பிரிப்பதைக் கைவிட்டது. இங்கிலாந்தின் ஆஃப்ஸ்டெட், பள்ளியை ஒரே சொல்லில் தரம் பிரிப்பதை 2024 செப்டம்பரில் விட்டுவிட்டது. அரசுகளே கைவிட்ட வேலையை நாம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி செய்ய வேண்டியதில்லை.

ஏழாம் படி: ஆசிரியர்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆசிரியர் - மாணவர் விகிதமும் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. விகிதம் 20 என்று இருக்கும் பள்ளியில் ஒரு வகுப்பில் 35 பேர் உட்கார்ந்திருக்கலாம், ஏனென்றால் எல்லா ஆசிரியரும் எல்லா நேரமும் வகுப்பில் இருப்பதில்லை. எனவே 'இந்த வகுப்பில் ஒரு செக்‌ஷனுக்கு எத்தனை பேர்?' என்றே கேளுங்கள். சின்ன வகுப்புகளில் இது முக்கியம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய பெரிய சோதனையில், 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பில் படித்த சிறு பிள்ளைகள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பில் படித்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

வகுப்பின் அளவோடு சேர்த்து, கடந்த மூன்று ஆண்டில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள், இப்போது எத்தனை இடம் காலி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பருவத்துக்கு ஒரு கணக்கு ஆசிரியர் வந்துபோகும் பள்ளியில், போன வருட மதிப்பெண் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்ப முடியாது.

எட்டாம் படி: நேரில் போங்கள்

இவ்வளவு கணக்கும் போட்டபின் கையில் இரண்டு மூன்று பள்ளிகள் மிஞ்சும். இனி நோட்டை மூடிவிட்டு, வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண நாளில் அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். ஆண்டு விழா நாளும், பெற்றோருக்காகவே அலங்கரித்து வைத்த நாளும் இதற்கு உதவாது.

நான் எங்கே போனாலும் ஒன்றை மட்டும் விடாமல் கேட்பேன்: பிள்ளைகளின் கணக்கு நோட்டைப் பார்க்கலாமா என்று. பெயரை மறைத்துக் கொடுத்தால் போதும் என்று சொல்வேன். ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பு நோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். 304-இலிருந்து 128-ஐக் கழித்து 224 என்று எழுதியிருந்தது அந்தக் குழந்தை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது, கடன் வாங்கத் தெரியவில்லை. ஆசிரியர் சிவப்பில் பெருக்கல் குறி போடவில்லை. நடுவில் இருந்த பூஜ்யத்தை மட்டும் வட்டமிட்டு, 'இங்கே பத்து எங்கிருந்து வரும்?' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே குழந்தை நூறைக் கட்டங்களாக வரைந்து பிரித்து, 176 என்று மறுபடி போட்டிருந்தது. அடுத்த நாள் தேதியில் 502-இலிருந்து 267. விடை 235, சரி.

இன்னொரு பள்ளியில் அதே வகுப்பு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் பெரிய டிக், கையெழுத்து, தேதி. அதே கழித்தல் தவறு மூன்று பக்கங்களில் மூன்று முறை வந்திருந்தது, மூன்றுக்கும் டிக். இரண்டாவது பள்ளிதான் பட்டியலில் மேலே இருந்தது.

தலைமையாசிரியரிடம் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். போன வருடம் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு என்ன செய்தீர்கள்? ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் யார் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்? பிள்ளைகளுக்குள் அடிதடி, கேலி என்று வந்தால் என்ன நடைமுறை? நல்ல தலைமையாசிரியர், 'வாசிப்பில் பின்தங்கியவர்கள் 14 பேர், காலையில் முதல் பீரியடில் இந்த டீச்சர் பார்க்கிறார்' என்று எண்ணோடும் ஆளோடும் சொல்வார். 'எங்கள் பிள்ளைகள் எல்லோரும் நன்றாகப் படிப்பவர்கள்' என்று பொதுவாகச் சொன்னால், பிரச்சினை அவர் கண்ணுக்கே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் கழிப்பறையைப் பாருங்கள். பார்வையாளர்களுக்கானதைக் காட்டினால், பிள்ளைகள் போவதைக் காட்டச் சொல்லுங்கள்.

வெளியே வந்தபின், அங்கே இப்போது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இருவரிடமாவது பேசுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஒருவர், தடுமாறும் பிள்ளையின் பெற்றோர் ஒருவர். இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், அவர்களைப் பிடித்தால் உள் விவரம் நிறையக் கிடைக்கும். மற்ற நாடுகளிலும் பெற்றோர் சங்கம் ஏதாவது ஒரு பெயரில் இருக்கும்.

கடைசிப் படி: முடிவெடுப்பது

எல்லாவற்றையும் கூட்டி ஒரே மொத்தமாக்க ஆசை வரும். எக்செல்லில் ஒவ்வொரு வரிசைக்கும் இத்தனை புள்ளி என்று போட்டுக் கூட்டினால் ஒரு பள்ளி முதலிடம் வரும். புள்ளிகளைச் சற்று மாற்றிப் போட்டால் வேறொன்று முதலிடம் வரும். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். எது இல்லாவிட்டால் உங்கள் பிள்ளை அங்கே இருக்கவே முடியாது என்பதை முதலில் வைத்துப் பள்ளிகளைக் கழியுங்கள்: தூரம், மொழி, பாதுகாப்பு, தேவைப்படும் சிறப்பு உதவி. மிஞ்சியவற்றில் உங்கள் பிள்ளை மாதிரியான பிள்ளைகளின் வளர்ச்சி எப்படி என்று பாருங்கள். அதிலும் சமமாக நின்றால், நேரில் பார்த்தது முடிவு செய்யட்டும். அப்போதும் இரண்டு பள்ளிகள் சமம் என்றால் இரண்டுமே நல்ல பள்ளிகள், எது பக்கமோ அதில் சேருங்கள். தினமும் போகவர ஒரு மணி நேரம் மிச்சமானால் அது பிள்ளையின் விளையாட்டுக்கும் தூக்கத்துக்கும் போகும்.

சேர்த்தபின்பும் அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். இன்று கையில் இருக்கும் முடிவுகள் எல்லாம் போன வருடத்துப் பிள்ளைகளுடையவை, அடுத்த முடிவு வரும் மாதத்தில் புது எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். முதல் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளையின் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். 'இவன் வகுப்பில் எத்தனாவது?' என்று கேட்கும் வழக்கத்துக்குப் பதிலாக, ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, 'ஜூனில் இவனுக்கு எது வரவில்லை, இப்போது எது வருகிறது?' என்று கேளுங்கள்.